அண்ணன் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரப்போகிறார்: ஏ.ஏ. கூட்டத்தை எங்கே, எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: சிவகாசித் தங்கை

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேனாக இருக்கிறார். நெடுநாளாகக் குடிப்பவர்தான் என்றாலும், அண்மைக் காலத்தில் காலையில் கைநடுக்கம் நிற்பதற்காகவே குடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் சூடுபிடிக்கும் வேலை மார்கழி வரை இரவு பகலாக ஓடும். அந்த மாதங்களில் கையில் காசு புழங்கும், உடம்பு அலுப்பும் கூடும், குடியும் கூடும். சென்ற வாரம் வலிப்பு வந்து விழுந்ததால் மதுரையில் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். இப்போது தெளிவாகப் பேசுகிறார். இன்னும் சில நாள்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

“மருந்து மட்டும் போதாது, ஏ.ஏ. கூட்டத்துக்கும் போகச் சொல்லுங்கள்” என்றார் மருத்துவர். மேற்கொண்டு கேட்பதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏ.ஏ. என்றால் குடியை விட விரும்புவோர் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதும், குடியிலிருந்து மீள அதில் பன்னிரண்டு படிகள் உண்டு என்பதும் மட்டுமே எனக்குத் தெரியும். கூட்டம் எங்கே நடக்கிறது, யாரைக் கேட்பது, எவ்வளவு பணம் கட்ட வேண்டும், குடும்பத்தார் உடன் போகலாமா என்பதெல்லாம் தெரியவில்லை. சர்ச் வளாகத்தில் நடக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மதம் மாற்றிவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார். அண்ணனோ, “என் கதையை ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்கிறாயா?” என்று கேட்கிறார்.

இதற்கிடையில் அண்ணியின் சித்தப்பா, குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் மாத்திரை ஒன்று இருப்பதாகவும், அதைக் கொடுத்தால் கூட்டமெல்லாம் தேவையில்லை என்றும் வற்புறுத்துகிறார். இன்னொருவர், ஊருக்கு வெளியே உள்ள மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் அடைத்துப் போடச் சொல்கிறார். எங்கள் ஊரிலேயே ஏ.ஏ. குழு இருப்பதாக நான் விசாரித்த யாரும் சொல்லவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: வைகை வடகரை

சகோதரிக்கு வணக்கம். நான் ஒரு குடிநோயாளி, மதுரையில் ஏ.ஏ. கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். ஏ.ஏ. சார்பாகப் பேசும் உரிமை எந்தத் தனி உறுப்பினருக்கும் கிடையாது என்பதால், கீழே எழுதுவதை என் சொந்தக் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியக் குழுக்களுக்கான பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்களுக்கான தொடர்பு எண்கள் கிடைக்கும். சென்னை, மதுரை, கோவை, திருச்சி போன்ற நகரங்களில் குழுக்கள் இருக்கின்றன. அருகருகே உள்ள குழுக்கள் சேர்ந்து நடத்தும் பொது அமைப்பை இன்டர்குரூப் என்பார்கள். அந்த எண்ணை அழைத்தால், உங்களுக்கு வசதியான குழு எது என்று சொல்வார்கள். தொலைபேசியை எடுப்பவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியராக இருக்க மாட்டார், குடியை நிறுத்திய உறுப்பினர் ஒருவராகவே இருப்பார். பகலில் அவர் தம் கடையிலோ பட்டறையிலோ வேலையாக இருக்கலாம் என்பதால் மாலையில் அழையுங்கள். எடுக்காவிட்டால் சலித்துக்கொள்ளாமல் மறுபடியும் அழையுங்கள். இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் இடம் மாறிப்போன குழுக்களின் பழைய முகவரிகளும் கலந்திருக்கும். ஆகவே, இந்த வாரம் கூட்டம் உண்டா, எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும் என்பதையெல்லாம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே கிளம்புங்கள். முதல் முறை வருகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அவர் போகும் வழியில் டாஸ்மாக் திறந்துதான் இருக்கும்.

ஆனால் உங்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஒன்று இப்போது கையில் இருக்கிறது. அண்ணன் மருத்துவமனையில் இருக்கும்போதே, அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, உறுப்பினர் ஒருவரை அங்கேயே வந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கேட்டாலும் தெரியும். போதை மீட்புப் பிரிவுகளுக்கு உறுப்பினர்கள் வந்து பேசிவிட்டுப் போவது வழக்கம். பெரும்பாலும் இருவராக வருவார்கள். அறிவுரை சொல்ல மாட்டார்கள். தங்கள் குடியைப் பற்றியும், எப்படி நிறுத்தினார்கள் என்பதைப் பற்றியும் சொல்வார்கள். காலையில் கைநடுக்கத்தோடு டம்ளரைப் பிடிக்க முடியாமல் துண்டைச் சுற்றிப் பிடித்தவன் நானும்தான் என்று ஒரு அந்நியர் சொல்லும்போது, வீட்டார் ஆயிரம் முறை சொல்லியும் ஏறாதது அவருக்கு ஏறக்கூடும்.

இந்த முறை பிறந்ததே அப்படித்தான். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு வியாபார வேலையாகப் போயிருந்த பில் வில்சன், சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தவர். வேலை கைகூடாமல் ஓட்டலில் தனியாக நின்றபோது, மறுபடியும் குடித்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு வந்தது. தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேசினால் தப்பிக்கலாம் என்று எண்ணி, தொலைபேசியில் பலரிடம் விசாரித்து, அந்த ஊர் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தைச் சென்றடைந்தார். கால்மணி நேரம் என்று ஒப்புக்கொண்ட சந்திப்பு பல மணி நேரம் நீண்டது. பேசப் போனவர் எதிரே இருப்பவரைத் திருத்துவதற்காகப் போகவில்லை, தாம் குடிக்காமல் இருப்பதற்காகப் போனார் என்பதே இதில் முக்கியம். பாப் ஸ்மித் அதன் பிறகும் ஒரு முறை சறுக்கினார். அவர் கடைசியாகக் குடித்த அந்த 1935 ஜூன் 10ஆம் தேதியைத்தான் ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. உங்கள் அண்ணனைப் பார்க்க வருகிறவரும் தம் நன்மைக்காகவும்தான் வருகிறார் என்பதால், அவருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. கூட்டத்தின் நடுவில் ஒரு பை சுற்றிவரும். உறுப்பினர்கள் விருப்பப்பட்டால் பத்தோ இருபதோ போடுவார்கள், புதியவர் போட வேண்டாம் என்றே சொல்வார்கள். வாடகையும் தேநீர்ச் செலவும் அதிலிருந்து போகும். வெளியார் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. பெயரை மட்டும் சொன்னால் போதும், அதையும் மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. சாதி, வேலை, எந்த அச்சகம், முதலாளி யார் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. முதல் நாள் வாயே திறக்காமல், “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஊருக்கெல்லாம் கதை சொல்ல வேண்டுமோ என்ற அவருடைய பயத்துக்கு இதைச் சொல்லுங்கள். இங்கே பேசியதை வெளியே எடுத்துப் போகக்கூடாது என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவூட்டப்படும். கேட்பவர்கள் மனிதர்கள்தான் என்பதால் இதற்குச் சட்டப்படியான உத்தரவாதம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெயர் இருக்கிறது.

சர்ச் வளாகத்திலும் பள்ளிக்கூடத்திலும் கூட்டம் நடப்பதற்குக் காரணம், மாலை நேரத்தில் குறைந்த வாடகைக்கு அங்கே அறை கிடைப்பதுதான். பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் “நாம் புரிந்துகொண்ட அளவில்” என்ற அடைமொழியோடுதான் வருகிறது. எங்கள் குழுவில் மாலை போட்டு மலைக்குப் போகிறவர், தொழுகைக்குப் போகிறவர், எந்தச் சாமியும் கும்பிடாதவர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். கூட்டம் முடியும்போது எல்லாரும் எழுந்து நின்று மன அமைதிக்கான ஒரு சிறு வேண்டுதலைச் சொல்வார்கள். விருப்பமில்லாதவர் சும்மா நிற்கலாம்.

படிகளை இப்போதே படித்து மனப்பாடம் செய்ய வேண்டாம். குடியின் முன் நம் கட்டுப்பாடு செல்லவில்லை என்று ஒப்புக்கொள்ளும் முதல் படி மட்டும் இப்போதைக்குப் போதும். தம் குற்றங்குறைகளைக் கணக்கெடுப்பது, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் போய்ச் சரிசெய்வது போன்றவை அடுத்தடுத்து வரும். அதற்கு ஸ்பான்சர் என்று அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் துணையிருப்பார். முதல் சில மாதங்களில் முடிந்தவரை அதிகமான கூட்டங்களுக்குப் போவது நல்லது. ஒரே ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். குழுவுக்குக் குழு பேச்சும் பழக்கமும் மாறும்.

குடும்பத்தார் திறந்த கூட்டங்களுக்கு வரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டுமே உரியது. தொலைபேசியில் பேசும்போதே எது எந்தக் கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2: மனநலச் சமூகப் பணியாளர்

மேலே உள்ள பதிலோடு உடன்படுகிறேன். மருத்துவம் தொடர்பாகச் சிலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. போதை மீட்புப் பிரிவு ஒன்றில் பணியாற்றுகிறேன்.

முதலில் அந்தக் குழம்பு மாத்திரை. டைசல்ஃபிராம் என்ற மருந்தைத்தான் பெரும்பாலும் இப்படிக் கலக்கிறார்கள். உடலில் மது சிதையும்போது உண்டாகும் அசெட்டால்டிஹைடு மேற்கொண்டு சிதையாமல் இம்மருந்து தடுத்துவிடும். அதனால் குடித்தவுடன் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் இறங்கும். தாம் மருந்து சாப்பிட்டிருப்பது தெரிந்தவர் குடிக்கப் பயப்படுவார் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. தெரியாதவர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டரைக் குடித்துவிடுவார், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த எதிர்விளைவு வரக்கூடும். இதயம், கல்லீரல் ஆகியவற்றைப் பரிசோதித்து, நோயாளியின் சம்மதத்தோடு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் இது பயனுள்ள மருந்துதான். அண்ணியின் சித்தப்பாவிடம் இதைத் தயவுதாட்சண்யமில்லாமல் சொல்லிவிடுங்கள். தெரியாமல் கலந்தது பின்னால் தெரியவந்தால், வீட்டில் வைக்கும் சோற்றின் மீதே அண்ணனுக்கு நம்பிக்கை போய்விடும்.

அடுத்தது வலிப்பு. அன்றாடம் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததைப் பார்த்துப் பேசும் கடுமையான குழப்பநிலை ஏற்படலாம். ஏற்கெனவே வலிப்பு வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே, எப்போதாவது மீண்டும் தொடர்ச்சியாகக் குடித்துவிட்டால், வீட்டிலேயே பூட்டிவைத்து நிறுத்த முயலாதீர்கள். மருத்துவமனைக்குத்தான் கொண்டுவர வேண்டும். ஏ.ஏ. கூட்டம் இந்த இடத்தில் மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. கூட்டத்துக்குப் போகிறார் என்பதற்காக மருத்துவர் எழுதிய தயமின் (வைட்டமின் பி1) மாத்திரையையோ பிற மருந்துகளையோ நிறுத்தவும் கூடாது. “மருந்து சாப்பிட்டால் அது உண்மையான மீட்சி ஆகாது” என்று எங்காவது ஓர் உறுப்பினர் சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். மருந்து விஷயம் மருத்துவருடையது என்பதே ஏ.ஏ.யின் சொந்த நிலைப்பாடும்.

மூன்று மாதம் அடைத்துப் போடுவது பற்றி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதனால் இத்தகைய நோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சை தரும் மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தெளிவான மனநிலையில் இருப்பவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் குடும்பத்தார் விரும்பும் காலம்வரை அடைத்துவைக்க முடியாது. பதிவுச் சான்று உண்டா, மனநல மருத்துவர் வந்து பார்க்கிறாரா, குடும்பத்தார் நேரில் சந்தித்துப் பேச விடுகிறார்களா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மழுப்பினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். தமிழ்நாட்டில் நல்ல மையங்களும் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை, குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சைத் திட்டம் வகுத்த முன்னோடி. அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்கள் 2025இல் தொடங்கப்பட்டிருக்கின்றன. இரவில் அவசரமாகப் பேச வேண்டியிருந்தால், அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலிமானஸ் எண் 14416 தமிழிலும் இயங்குகிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

கூட்டத்துக்குப் போவதால் பலன் உண்டா என்று எங்கள் பிரிவில் அடிக்கடி கேட்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகள் ஆராயப்பட்டன. முற்றிலும் குடிக்காமல் இருப்பதைப் பொறுத்தவரை, ஏ.ஏ.யில் ஈடுபடுத்துவதற்காக முறையாக வகுக்கப்பட்ட சிகிச்சை, மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலான பலன் தந்தது. குடியின் அளவு குறைவது போன்றவற்றில் ஏறத்தாழ சமமாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: வெறுமனே முகவரியைக் கொடுத்து அனுப்புவதைவிட, ஆளோடு ஆளைச் சேர்த்துவிட்டு, போனாரா என்று தொடர்ந்து விசாரிப்பதே பலனளிக்கிறது. எங்கள் மருத்துவமனைகளில் இது பெரும்பாலும் நடப்பதில்லை. சீட்டில் இரண்டு எழுத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

பதில் 3: மேலமாசி வீதி

அம்மா, நான் ஒரு குடிநோயாளியின் மனைவி. அண்ணனுக்காகத் தேடுகிறீர்கள், சரி. உங்கள் அண்ணிக்காக யாராவது தேடுகிறீர்களா?

அல்-அனான் என்று குடும்பத்தாருக்கென்றே தனியாக ஓர் அமைப்பு உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் உள்ளிட்டவர்கள் 1951இல் உருவாக்கியது. அதே பன்னிரண்டு படிகள்தான், ஆனால் குடிப்பவரைத் திருத்துவதற்கு அல்ல. அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நாம் எப்படி நிம்மதியாக இருப்பது என்பதற்கு. குடிப்பவரின் வீட்டில் வளரும் பதின்பருவப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்ற பிரிவும் இருக்கிறது. ஏ.ஏ. எண்ணை அழைக்கும்போதே அல்-அனான் கூட்டம் எங்கே என்றும் கேளுங்கள். ஏ.ஏ. அளவுக்கு அதிகமான ஊர்களில் இருக்காது. இணையவழிக் கூட்டங்கள் உண்டு.

அங்கே பெண்கள் பேசுவதைக் கேட்டால், எல்லார் வீட்டிலும் ஒரே நாடகம்தான் நடந்திருக்கிறது என்பது விளங்கும். சம்பளக் கவரைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளிப்போம். பாட்டிலில் தண்ணீர் கலப்போம். பட்டறைக்குப் போன் போட்டு, “அவருக்குக் காய்ச்சல், இன்றைக்கு வர மாட்டார்” என்போம். அவர் வாங்கிய கைமாற்றை நம் தோட்டை அடகு வைத்து அடைப்போம். இவ்வளவு செய்தும் அவர் குடித்தார். இந்த நோயை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொல்வார்கள். “நீ சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்?” என்று மாமியார் வீட்டில் கேட்கப்பட்டவளுக்கு அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணியிடம் சொல்லுங்கள்: அச்சகத்துக்குப் பொய் சொல்லிப் போன் போடுவதை நிறுத்தலாம். அவர் வேலைக்கு வராததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கடன்காரர்களிடம், அவர் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லலாம். குடிக்காமல் இருக்கும் நாளில் பழைய கணக்கைக் கிளறாமல் இருக்கலாம். அடி உதை உண்டு என்றால் மட்டும் எந்தப் பொறுமையும் வேண்டாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேற வேண்டும், பெண்களுக்கான 181 என்ற எண்ணை அழைக்க வேண்டும். கூட்டத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாரே என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. அவர் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினால் மாலை நேரம் முழுவதும் அங்கேயே போய்விடும். முன்பு பாட்டிலோடு இருந்தார், இப்போது இந்த நண்பர்களோடு இருக்கிறார் என்று எரிச்சல் வரும். எனக்கு வந்தது.

பதில் 4: கருப்புச் சட்டை

எல்லாரும் ஏ.ஏ.யையே சொல்வதால் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். நான் கடவுள் மறுப்பாளன். சில மாதங்கள் கூட்டத்துக்குப் போனேன். மனிதர்கள் அருமையானவர்கள், ஆனால் மேலான சக்தியிடம் ஒப்படைப்பது என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தடை விழுந்தது. ‘உங்களுக்குப் புரிந்த அளவில்’ என்று எவ்வளவு நெகிழ்த்திச் சொன்னாலும் அது ஒரு நம்பிக்கைதான். நான் சக்தியற்றவன் என்று வாரந்தோறும் சொல்வதும் எனக்கு ஒத்துவரவில்லை. மனநல மருத்துவரின் மருந்து, நடத்தைச் சிகிச்சை, என்னைப் போலவே நிறுத்திய இரண்டு நண்பர்கள் என்ற வழியில் இன்று குடிக்காமல் இருக்கிறேன்.

1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி என்ற அமைப்பு, கடவுளைக் கொண்டுவராமல், குடிக்கத் தூண்டும் எண்ணத்தை எப்படிக் கையாள்வது என்ற பயிற்சிகளை வைத்துக் கூட்டம் நடத்துகிறது. அதை இணையவழியில் பார்க்கலாம். நான் பார்த்தவரை ஆங்கிலம் தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும் என்பது பெரிய குறை. உங்கள் அண்ணனுக்கு ஏ.ஏ. பிடிக்காவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பிடித்தால் நல்லதே.

பதில் 5: வைகை வடகரை

தோழர் சொல்வதை மதிக்கிறேன். ஏ.ஏ. ஒன்றே வழி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சிவகாசியில் இருக்கும் ஒரு மெஷின்மேனுக்கு, தமிழில், செலவில்லாமல், இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கும் ஒரு மனிதர் வேண்டும் என்றால், இன்றைய நிலையில் அது எங்கே எளிதாகக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தோழரும் இரண்டு நண்பர்களைத் துணையாகக் குறிப்பிட்டிருக்கிறார். கடவுள் விஷயத்தில் நாங்கள் வேறுபட்டாலும் அந்த இடத்தில் வேறுபடவில்லை. கடவுள் நம்பிக்கையில்லாத உறுப்பினர்கள் பலர், குழுவையே தம்மைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு படிகளைக் கடக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிவகாசித் தங்கை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மாத்திரை விஷயத்தைப் பேசி முடித்துவிட்டோம்; சித்தப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார், பரவாயில்லை. தொடர்பு எண் கிடைத்து, உறுப்பினர்கள் இருவர் மருத்துவமனைக்கே வந்தார்கள். அவர்களில் ஒருவர் லாரி ஓட்டுநர் என்பதால் அண்ணன் அவரோடு டீசல் விலையில் ஆரம்பித்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆன மாலையே அவர்களோடு ஒரு கூட்டத்துக்கும் போய் வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, “டீ நன்றாக இருந்தது” என்று மட்டும் சொன்னார்.

இப்போது எங்கள் கவலை வேறு. சிவகாசியிலிருந்து மதுரைக்குப் போக மட்டும் இரண்டு மணி நேரம் ஆகிறது. ஷிப்ட் வேலைக்குத் திரும்பிய பிறகு வாரம் ஒரு முறை போவதே கடினம். தீபாவளி போனஸ் நாளும் வரப்போகிறது. அன்றைக்கு அச்சகத்தில் எல்லாரும் சேர்ந்து குடிப்பது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 6: வைகை வடகரை

தேநீர் நன்றாக இருந்தது என்றால் மறுபடியும் வருவார்.

தூரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. தமிழில் இணையவழிக் கூட்டங்கள் நடக்கின்றன. கைப்பேசியில் ஜூம் இருந்தால் போதும், காமிராவை அணைத்துவைத்துக்கொண்டு கேட்கலாம். ஷிப்டுக்குத் தோதான நேரத்தை வந்த உறுப்பினர்களிடமே கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் அதையே முழுமையாக நம்ப வேண்டாம். விடுமுறை நாளில் ஒரு முறையாவது நேரில் போய் உட்கார்ந்துவர வேண்டும். இரண்டாவது வழிக்குச் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். குடியை விடுவதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் கூடினாலே அதை ஏ.ஏ. குழு என்று அழைத்துக்கொள்ளலாம் என்பது ஏ.ஏ. குழுக்கள் பின்பற்றும் பன்னிரண்டு மரபுகளில் மூன்றாவது. சிவகாசி, விருதுநகர், சாத்தூர் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து போகிற உறுப்பினர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று இன்டர்குரூப்பில் இப்போதே விசாரித்து வையுங்கள். இருந்தால் அண்ணனுக்கு ஊரிலேயே பேச்சுத்துணை கிடைக்கும். பேருந்தில் சேர்ந்து போய்வரலாம். குழு தொடங்குவதெல்லாம் அவர் கொஞ்சம் காலூன்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போனஸ் நாளைப் பற்றி இன்றைக்கே அந்த லாரிக்காரரிடம் அண்ணன் சொல்லிவைக்கட்டும். நாங்கள் பொதுவாகச் செய்வது இதுதான்: காலையிலேயே ஸ்பான்சருக்கு ஒரு போன், வெறும் வயிற்றோடு போவதில்லை, பணம் நேரடியாக வங்கிக் கணக்கில் விழும்படி முன்கூட்டியே கேட்டுவைப்பது, ரொக்கமாகத்தான் கொடுப்பார்கள் என்றால் வாங்கியவுடன் வாசலில் காத்திருக்கும் ஒருவரோடு கிளம்பிவிடுவது. அந்த ஒருவர் அண்ணியாக இருக்க வேண்டாம். காவலுக்கு வந்ததாக அச்சகத்தில் கேலி செய்வார்கள், அந்தக் கோபமே குடிக்கச் சாக்காகிவிடும். உடன்பிறந்தவரோ மைத்துனரோ வண்டியோடு போய் நின்றால், பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் புறப்படலாம். அன்று மாலையும் எங்கள் குழுவில் கூட்டம் உண்டு; துணிக்கடையிலிருந்து நேரே வந்தாலும் இடம் இருக்கும்.